மாமாவுக்குப் புண் நடு நெஞ்சில், நெறிக்கட்டி நாலு விரல் மேலே: இது எப்படி?

தங்கச்சிமடத்தான் | மே 6, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே எஞ்சின் ரிப்பேர், இறால் விலை என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்று வேறு விஷயம்.

என் தாய்மாமாவுக்கு 58 வயது. முப்பது வருடம் விசைப்படகில் போனவர். தை மாதத்தில் சோறு நெஞ்சில் நிற்கிறது என்றார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கேஸ் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். மாசியில் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். பங்குனியில் கஞ்சிக்கு வந்துவிட்டார். நாங்கள் மதுரைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் "தடைக்காலம் வரட்டும், படகைக் கட்டிட்டுப் போகலாம்" என்று தள்ளிப்போட்டார். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடை தொடங்கியது. 22-ஆம் தேதி எண்டோஸ்கோபி பார்த்தோம், சதை எடுத்தார்கள். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, உணவுக்குழாய்ப் புற்று என்று வந்தது. "முன்பல்லில் இருந்து 26 முதல் 31 செ.மீ. வரை" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. எட்டு நாள் கழித்து சி.டி. ஸ்கேன். அதில் புண்ணின் ஓரம் ஒரு நெறிக்கட்டி, மேலே மூச்சுக்குழாய் பக்கம் இன்னொன்று, இரண்டும் ஒரு செ.மீ. அளவு. டி3, என்1 என்று எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. பெரிய மாமா சொல்வது: "சதையைக் கிள்ளினாங்க, எட்டே நாள்ல மேல ஏறிடுச்சு. இனிமே கத்தியே படக்கூடாது." அம்மாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஐந்து செ.மீ. புண் நடு நெஞ்சில் இருக்கும்போது நெறி எப்படி மேலே கட்டியது? சதை எடுத்ததாலா? இவ்வளவு சின்னது என்றால் நேராக வெட்டி எடுக்காமல் முதலில் ஐந்து வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

வார்டு அக்கா | மே 6, இரவு 11:15

தம்பி, முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். எண்டோஸ்கோபியில் எல்லாத் தூரத்தையும் முன்பல்லில் இருந்துதான் அளப்பார்கள். உணவுக்குழாய் ஏறக்குறைய 15 செ.மீ.யில் தொடங்கி 40-க்குப் பக்கத்தில் இரைப்பையோடு சேரும். ஆக மொத்தக் குழாயே 25 செ.மீ.தான். மாமாவுக்கு இருப்பது நடுப்பகுதி. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே.

இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லு. குரல் கரகரப்பாக மாறியிருக்கிறதா? தண்ணீர் குடித்தவுடன் இருமல் வருகிறதா?

தங்கச்சிமடத்தான் | மே 6, இரவு 11:21

இரண்டும் இல்லை அக்கா. குரல் பழையபடிதான், என்னைத் திட்டுவது தெருமுனை வரை கேட்கிறது. எடை மட்டும் 11 கிலோ குறைந்திருக்கிறது.

பழைய சம்மாட்டி | மே 7, காலை 5:50

உன் பெரிய மாமா சொல்வதைத் தள்ளிவிடாதே தம்பி. என் படகில் இருந்த டிரைவருக்கு இதே வியாதி. நடமாடிக்கொண்டிருந்த மனுசன். நெஞ்சைத் திறந்தார்கள், எடுக்க முடியாது என்று மூடினார்கள். இரண்டே மாதத்தில் முடிந்துவிட்டது. காற்றுப் பட்டால் பரவும் என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள்.

கத்திரிக்கோல் | மே 7, காலை 7:30

நான் அறுவை மருத்துவன், இந்தக் கரையில் பிறந்தவன். இப்போது வேறு ஊரில் வேலை. மாமாவைப் பார்க்காமல் அவருக்கு வைத்தியம் சொல்ல மாட்டேன். இந்த நோய் எப்படி வளர்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உணவுக்குழாயை பிவிசி பைப் மாதிரி நினைத்தால் எதுவும் விளங்காது. அது அடுக்கடுக்கான சதை. உள்ளே சோறு உரசிப் போகிற முகப்பில் தட்டையான செல்கள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஸ்குவாமஸ் என்ற சொல்லுக்கே செதில் என்றுதான் பொருள். அதற்குக் கீழே மெல்லிய இணைப்புத் திசு, அதற்கும் கீழே ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் ஓடுகிற தளர்ந்த அடுக்கு, பிறகு தசை, கடைசியில் வெளிப்புறத் திசு.

புற்று பிறப்பது செதில் அடுக்கின் அடித்தட்டில். அந்த அடுக்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. அதற்குள்ளேயே நிற்கும்வரை அதற்குப் போக்கிடம் இல்லை. அடியில் உள்ள சவ்வைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிய பிறகுதான் வழி கிடைக்கிறது. உணவுக்குழாயின் கோளாறே இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெருங்குடலில் மேலடுக்கில் நிணநீர்க் குழாய்கள் அரிது. உணவுக்குழாயில் முதல் படி இறங்கியவுடனே அவை வந்துவிடுகின்றன. தசையைத் தொடாமல் அந்தத் தளர்ந்த அடுக்கோடு நிற்கிற புற்றிலேயே ஐந்தில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ நிணநீர்க் குழாய் வழியில் உள்ள நெறிக்கட்டி வரை போயிருக்கும். அந்தக் கட்டத்தில் பலருக்குச் சோறு நன்றாகவே இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏனென்றால் குழாய் விரிந்துகொடுக்கும். உள்வழி 13 மி.மீ. அளவுக்குக் குறுகும்வரை பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. குறுகிய பிறகு முதலில் இறைச்சியும் கட்டிச் சோறும் நிற்கும், அப்புறம் குழைந்த சோறு, அப்புறம் கஞ்சி. தை, மாசி, பங்குனி என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அந்த வரிசைதான். தை மாதத்தில் சோறு நின்ற அன்றைக்கே அது பழைய புண்.

இன்னொரு விஷயம். இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே வழுவழுப்பான ஓர் உறை உண்டு. அது கொஞ்ச காலம் தடுத்து நிறுத்தும். உணவுக்குழாய்க்கு மார்புப் பகுதியில் அந்த உறை இல்லை. தசையைத் தாண்டினால் நேராக அக்கம்பக்கம்தான். முன்னால் மூச்சுக்குழாயும் இதய உறையும், பக்கத்தில் பெருந்தமனி, பின்னால் முதுகெலும்பு. டி3 என்றால் தசையைத் தாண்டி வெளித்திசு வரை வந்துவிட்டது, அக்கம்பக்கத்தை இன்னும் பிடிக்கவில்லை. என்1 என்றால் ஒன்றோ இரண்டோ நெறிக்கட்டி.

மண்டபம் ஓடாவி | மே 7, காலை 9:05

டாக்டர் அடுக்கு என்று சொன்னதும் எனக்குப் பலகைதான் ஞாபகம் வந்தது. கடல் தண்ணீரில் கிடக்கிற மரத்தை ஒரு புழு துளைக்கும். வெளியே பார்த்தால் குண்டூசி ஓட்டை, ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். உள்ளே போய் மரத்தின் ஓட்டத்தோடு நீளவாக்கில் அரித்துக்கொண்டே போயிருக்கும். உளியால் தட்டினால்தான் பொத்தல் சத்தம் வரும். ஓட்டை ஓரிடத்தில், அரிப்பு ஒரு முழம் தள்ளி. அது மாதிரியா இது?

கத்திரிக்கோல் | மே 7, பகல் 1:10

ஓடாவி அண்ணே, வகுப்பில் பாடம் எடுக்கும்போது இதை நான் எடுத்துக்கொள்கிறேன். உணவுக்குழாயின் நிணநீர்க் குழாய்கள் குறுக்கே ஓடுவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் ஓடுகின்றன. நெஞ்சில் உள்ள புண்ணில் இருந்து பிரிந்த செல் மேலே கழுத்துக்கும் போகலாம், கீழே இரைப்பை ஓரத்துக்கும் போகலாம். தம்பி கேட்ட நாலு விரல் தூரம் இதற்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். புழு அரித்துக்கொண்டேதான் போகும், நடுவில் நல்ல மரத்தை விட்டுத் தாவாது. இது தாவும். பக்கத்து நெறிக்கட்டியில் ஒன்றும் இருக்காது, அதைத் தாண்டி அடுத்ததில் இருக்கும். குழாயின் சுவரிலேயே புண்ணில் இருந்து சில செ.மீ. தள்ளி, நடுவில் நல்ல சதை இருக்க, தனியாக ஒரு முடிச்சு முளைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நுண்ணோக்கி | மே 7, மாலை 6:40

நான் நோய்க்குறியியல் மருத்துவர். சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். எட்டு நாள் விஷயத்துக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பெரிய மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு செ.மீ. கட்டி என்றால் அதில் ஏறக்குறைய நூறு கோடி செல்கள். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்படி நூறு கோடியாக 30 தடவை இரட்டிக்க வேண்டும். சதை எடுத்த அன்று ஒரு செல் பிய்ந்து மேலே போய் எட்டு நாளில் ஒரு செ.மீ. ஆனது என்று வைத்துக்கொள்வோம். எட்டு நாள் என்பது 192 மணி நேரம். முப்பதால் வகுத்தால் ஆறரை மணிக்குக்கூட வராது. அதாவது ஆறரை மணி நேரத்துக்குள் ஒரு தடவை மொத்தமும் இரட்டிக்க வேண்டும், ஒரு செல்லும் சாகக்கூடாது. இந்தப் புற்று அந்த வேகத்தில் வளர்வதில்லை. ஒரு கட்டி ஒரு தடவை இரட்டிக்கவே வாரக் கணக்கோ மாதக் கணக்கோ ஆகும். மாமாவின் நெறிக்கட்டி போன வருடத்துச் சரக்கு. ஏப்ரல் 30-ல் நாம் அதைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

எண்டோஸ்கோபியில் கிள்ளுவது அரிசி அளவுகூட இல்லாத சில துணுக்குகள், அதுவும் குழாயின் உட்பக்கத்தில் இருந்து. புண்ணின் அந்த முகப்பில் தினம் சோறும் கஞ்சியும் உரசிக்கொண்டுதான் போகின்றன. கிள்ளியதால் இந்தப் புற்று பரவுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கிள்ளாவிட்டால் என்ன புற்று என்றே தெரியாது, தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்க முடியாது.

சம்மாட்டி ஐயா சொன்ன டிரைவர் விஷயம் பொய்யில்லை. அவர் பார்த்தது நடந்ததுதான். ஆனால் திறந்ததால் பரவவில்லை, பரவியிருந்ததால் மூடினார்கள். இப்போது மாதிரி முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வசதியில்லாத காலத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும்.

பழைய சம்மாட்டி | மே 7, இரவு 8:15

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. யோசிக்கிறேன்.

நெறியாளர் | மே 7, இரவு 9:00

"21 நாளில் புற்று கரையும் கசாயம், வாட்சப்பில் வாருங்கள்" என்ற பதிவு நீக்கப்பட்டது. அதே எண்ணில் இருந்து மூன்றாவது தடவை. கணக்கையும் முடக்கிவிட்டேன்.

அரிச்சல்முனை | மே 7, இரவு 9:35

இது எதனால் வருகிறது? கருவாடு அதிகம் சாப்பிட்டால் வரும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் கருவாடு இல்லாமல் நாள் போகாது, பயமாக இருக்கிறது.

வார்டு அக்கா | மே 7, இரவு 10:02

கருவாட்டை விடுங்கள். புகையிலை, சாராயம், பாக்கு மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு கருவாட்டைப் பிடித்து அடிக்கக்கூடாது. பீடியும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் போகாது, பெருக்கல் கணக்கில் போகும். பாக்கை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் வரிசையில் வைத்துவிட்டது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் உணவுக்குழாய்ப் புற்றோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் அனேகமாகக் காரணமாகலாம் என்று 2016-ல் சொன்னார்கள். விடிகாலை நாலு மணிக்குப் படகுத்துறையில் கொதிக்கக் கொதிக்க டீயை அப்படியே உள்ளே ஊற்றுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். டீயைக் குறை சொல்லவில்லை. ஆற்றிக் குடியுங்கள்.

தங்கச்சிமடத்தான் | மே 7, இரவு 10:10

பீடி, வாயில் அடக்குகிற பொட்டலம், கடலுக்குப் போய் வந்தால் கால் பாட்டில், கொதிக்கிற டீ. மாமா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை அக்கா.

நுண்ணோக்கி | மே 7, இரவு 10:48

இதில் ஆச்சரியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-ல் வந்த ஓர் ஆய்வில் நோயே இல்லாதவர்களின் உணவுக்குழாயை மரபணு அளவில் ஆராய்ந்தார்கள். நடுவயது தாண்டியவர்களின் நல்ல படலத்திலேயே பெரும்பகுதியை மரபணு மாறிய செல் கூட்டங்கள் பிடித்திருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றாக ஆவதில்லை. ஆக செல் மாறுவது வேறு, புற்றாவது வேறு. பி53 என்ற காவல்கார மரபணு கெட்டு, அதற்குமேல் வேறு பலதும் கெட்ட பிறகுதான் செல்கள் ஒழுங்கு குலைந்து அடுக்கத் தொடங்குகின்றன. அந்த நிலைக்கு டிஸ்பிளேசியா என்று பெயர்.

சீனாவில் லின்சியான் என்ற ஊர்ப்பக்கம் இந்த நோய் மிக அதிகம். அங்கே பதின்மூன்று வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தார்கள். லேசான டிஸ்பிளேசியா இருந்தவர்களில் நாலில் ஒருவருக்குப் புற்று வந்தது, நடுத்தரத்தில் பாதிப் பேருக்கு, கடுமையானதில் நாலில் மூவருக்கு. இந்த வருடங்களில்தான் பிடிக்க வேண்டும். எண்டோஸ்கோபியில் அயோடின் கரைசலைத் தெளித்தால் நல்ல படலம் பழுப்பாகும், கெட்ட இடம் வெளுத்து நிற்கும். அந்த நிலையில் வயிற்றையும் நெஞ்சையும் திறக்காமல் குழாய் வழியாகவே அந்தப் படலத்தை உரித்து எடுத்துவிடலாம்.

தொண்டி மழை | மே 8, அதிகாலை 1:20

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். இடுப்பளவு தண்ணீரில் காலையில் இருந்து நிற்கும்போது பசி தெரியாமல் இருக்க வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொள்வது அவர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பழக்கம். பீடியும் இல்லை, சாராயமும் இல்லை. அதனால் எங்களுக்குப் புற்று என்ற நினைப்பே வரவில்லை.

முதலில் குரல் மாறியது. உப்புத் தண்ணீர், சளி என்றோம். அப்புறம் தண்ணீர் குடித்தால் இருமல், மூச்சுத் திணறல். அவசரமாகக் குடிக்காதே என்று நான் திட்டியிருக்கிறேன். மருத்துவமனையில் காட்டியபோது உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். சொந்தக்காரர்கள் அவருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள், அதைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. குரல் ஏன் மாறியது என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இங்கே யாராவது சொல்ல முடியுமா?

கத்திரிக்கோல் | மே 8, காலை 6:55

அக்கா, குரல் நாணை அசைக்கிற நரம்பு மூளையில் இருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சு வரை கீழே இறங்கி, இடது பக்கத்தில் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மறுபடி மேலே ஏறுகிறது. ஏறுகிற வழி உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையில் உள்ள பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் நெறிக்கட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. புண்ணோ நெறிக்கட்டியோ அந்த நரம்பை அமுக்கினால் குரல் நாண் ஒன்று அசையாமல் போகும், குரல் கரகரக்கும். வார்டு அக்கா முதல் கேள்வியாக அதைக் கேட்டது இதற்காகத்தான். இரண்டாவது கேள்வி, மூச்சுக்குழாயின் சுவர் அரிபட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள. தண்ணீர் நுரையீரலுக்குள் போவதால் வருகிற இருமல் அது. அவசரமாகக் குடித்ததால் வந்ததல்ல.

தனி டம்ளர் வைக்க எந்தக் காரணமும் இல்லை. இது ஒட்டுகிற நோயல்ல.

தொண்டி மழை | மே 8, காலை 7:10

நன்றி டாக்டர்.

கீழக்கரை காக்கா | மே 8, பகல் 12:30

துபாயில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தம்பியின் மாமாவுக்காகத் தொழுகையில் துஆ செய்தேன். இரண்டு சந்தேகம். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போவது இந்த நெறி வழியாகத்தானா? அப்புறம் எனக்குப் பத்து வருடமாக நெஞ்செரிச்சல், எனக்கும் இது வருமா?

கத்திரிக்கோல் | மே 8, இரவு 9:20

காக்கா, தூரத்துக்குப் போவது பெரும்பாலும் ரத்த வழி. மேல், நடுப்பகுதியின் சிரைகள் மார்பில் உள்ள ஒரு பெரிய சிரையில் கலந்து இதயத்துக்குப் போகின்றன. இதயத்தின் வலப்பக்கம் ரத்தத்தை அனுப்புகிற முதல் இடம் நுரையீரல். அடிப்பகுதியின் சிரைகள் இரைப்பைச் சிரையோடு சேர்ந்து ஈரலுக்குப் போகின்றன. அதனால்தான் இந்த இரண்டு உறுப்புகளும் முதலில் மாட்டுகின்றன. எலும்பு, சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரீனல் சுரப்பி, எப்போதாவது மூளை. நிணநீர் வழியும் கடைசியில் ரத்தத்தில்தான் கலக்கிறது. உணவுக்குழாயை ஒட்டியே ஏறுகிற பெரிய நிணநீர்க் குழாய் இடது கழுத்தடியில் சிரைக்குள் திறக்கிறது. இடது காறை எலும்புக்கு மேலே கட்டி தட்டுப்பட்டால் நாங்கள் உஷாராவது அதனால்.

உங்கள் நெஞ்செரிச்சல் வேறு கதை. அமிலம் வருடக்கணக்கில் ஏறி ஏறி அடிப்பகுதியின் செதில் படலம் குடல் படலம் மாதிரி மாறினால் அதற்கு பேரட் என்று பெயர். அதில் வருவது அடினோகார்சினோமா என்ற இன்னொரு வகை. மேற்கு நாடுகளில் அது அதிகம், நம் நாட்டில் செதில் வகைதான் அதிகம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் அந்த மாற்றம் வரும். பத்து வருடம் ஆகிவிட்டதால் ஒரு தடவை எண்டோஸ்கோபி பார்த்துவிடுங்கள், ஊருக்கு வரும்போது என்று வைக்காதீர்கள்.

தங்கச்சிமடத்தான் | மே 14, இரவு 7:45

மதுரையில் பெட் ஸ்கேன் எடுத்தோம். அந்த இரண்டு நெறிக்கட்டி தவிர ஈரல், நுரையீரல், எலும்பு எங்கேயும் இல்லை. மூச்சுக்குழாய்க்குள்ளும் கேமரா விட்டுப் பார்த்தார்கள், உள்ளே வரவில்லை. எட்டு நாள் கணக்கைப் பெரிய மாமாவுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர், முப்பது தடவை இரட்டித்துத் தானே எழுதிப் பார்த்தார். அப்புறம் கத்தி பற்றிப் பேசவில்லை. ஆனால் "கட்டி அங்கேயேதானே இருக்கு, கரண்ட் வெச்சு நாளைக் கடத்துறதுக்கு இப்பவே வெட்டிடலாமே" என்று அடுத்த பக்கம் தாவிவிட்டார்!

கத்திரிக்கோல் | மே 14, இரவு 10:05

நியாயமான கேள்வி. ஸ்கேனில் தெரிவது ஒரு செ.மீ. நெறிக்கட்டிகள். ஸ்கேனில் தெரியாத பொடி பற்றித்தான் கவலை. டி3-ல் நேராக வெட்டினால் சிலருக்கு ஓரத்தில் மிச்சம் இருந்துவிடுகிறது. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் பெருந்தமனியையும் மூச்சுக்குழாயையும் சேர்த்து வெட்ட முடியாது அல்லவா? நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளியான க்ராஸ் என்ற சோதனையில் இதைத்தான் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு நேராக அறுவை. இன்னொரு பிரிவுக்கு முதலில் 23 தடவை கதிர், கூடவே வாரம் ஒரு கீமோ, அப்புறம் அறுவை. நேராக அறுவை செய்தவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 24 மாதம், மற்ற பிரிவில் 49 மாதம். செதில் வகை கதிருக்கு நன்றாகவே மடங்கும். அந்தச் சோதனையில் செதில் வகைக்காரர்களில் பாதிக்குப் பாதி பேருக்கு, வெட்டி எடுத்த குழாயில் புற்றே மிச்சமில்லை.

வார்டு அக்கா | மே 14, இரவு 10:40

இப்போது மாமாவின் எடைதான் எனக்குக் கவலை. கரண்ட் வைக்கத் தொடங்கியபின் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தொண்டை எரியும், இருக்கிற கஞ்சியும் இறங்காது. அதனால் குடலில் நேராக ஒரு குழாய் வைத்து உணவு கொடுக்கலாமா என்று இப்போதே கேள். வயிற்றில் குழாய் வைக்க மாட்டார்கள். பின்னால் உணவுக்குழாயை எடுத்ததும் அந்த இரைப்பையைத்தான் மேலே இழுத்துக் குழாயாகத் தைப்பார்கள், அதில் ஓட்டை போடக்கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. வாய் வழியாக இழுத்து வயிற்றில் வைக்கிற குழாயில் புற்றுச் செல் ஒட்டிக்கொண்டு போய் அந்த ஓட்டையில் முளைத்தது அபூர்வமாகப் பதிவாகியிருக்கிறது. "பட்டால் பரவும்" என்ற பயத்தில் உண்மையான துளி எங்கேயோ இருக்கிறது என்றால் அது இங்கேதான், டாக்டர்களுக்கு அது தெரியும்.

கஞ்சியை வெறும் தண்ணீராகக் கொடுக்காதே. மீனை வேகவைத்து முள் எடுத்து மிக்ஸியில் அடித்து வடிகட்டிக் கலந்து கொடு. முட்டை, பால், கடலை மாவும் சேர்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கட்டும், குடித்தவுடன் படுக்கக் கூடாது. முதல்வர் காப்பீட்டு அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

தங்கச்சிமடத்தான் | மே 18, மாலை 5:30

நாளை திங்கள், முதல் கரண்ட். மதுரையில் ஒரு அறை எடுத்திருக்கிறோம். குழாய் வைத்தாகிவிட்டது. இந்த இழை முழுவதையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். புழுக் கதை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஓடாவி அண்ணனிடம் கேட்கச் சொன்னது: "அரிச்ச பலகையை அரிச்ச இடத்தோடயா வெட்டுவீங்க?"

மண்டபம் ஓடாவி | மே 18, மாலை 6:20

இல்லை. இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே போவோம். நல்ல மரத்தின் சத்தம் வந்த பிறகும் ஒரு சாண் தள்ளித்தான் வாள் வைப்போம். ஒட்டியிருக்கிற பலகையையும் தட்டிப் பார்க்காமல் ஆணி அடிக்க மாட்டோம். மாமாவுக்கு இது தெரியும், சும்மா என் வாயால் கேட்கிறார்.

கத்திரிக்கோல் | மே 18, இரவு 8:00

நாங்களும் அப்படித்தான். ஐந்து செ.மீ. புண்ணுக்குக் குழாயின் பெரும்பகுதியையும் எடுக்கிறோம், நெஞ்சிலும் மேல் வயிற்றிலும் உள்ள நெறிக்கட்டிகளையும் தேடி எடுக்கிறோம்.

தங்கச்சிமடத்தான் | மே 18, இரவு 8:25

கடைசியாக அவர் கேட்டது. ஜூன் 14-ல் தடை முடிகிறது. அதற்குள் கரண்ட் முடிந்துவிடுமா?

வார்டு அக்கா | மே 18, இரவு 8:40

சனி ஞாயிறு விட்டு 23 நாள் எண்ணினால், நடுவில் தடங்கல் இல்லாமல் போனால், ஜூன் 18 புதன்கிழமை.

தங்கச்சிமடத்தான் | மே 18, இரவு 8:52

"நாலு நாள்தானே, முதல் தங்கலை விட்டுட்டு ரெண்டாம் தங்கலுக்குப் போயிடலாம்" என்கிறார். சிரிக்கவா அழவா தெரியவில்லை.

கத்திரிக்கோல் | மே 18, இரவு 9:10

கரண்ட் முடிந்து உடம்பு தேற ஆறு வாரம் போல ஆகும். அப்புறம் மறு ஸ்கேன், அப்புறம் அறுவை, அதற்கப்புறம் பல மாதம் பாரம் தூக்கக்கூடாது. இந்த வருடம் கடல் கிடையாது என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

பழைய சம்மாட்டி | மே 18, இரவு 9:45

தம்பி, மாமாவிடம் இதையும் வாசி. என் வீட்டுத் திண்ணையில் மூன்று படகுக் கிழிசல் வலை கிடக்கிறது. உட்கார்ந்து தைக்கிற வேலை, பாரம் இல்லை, நிழல் இருக்கிறது. ஊசியும் நூலும் அவருக்காக எடுத்து வைக்கிறேன். எப்போது முடிகிறதோ அப்போது வரட்டும். பொட்டலத்தை மட்டும் மதுரையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்.